ஆடிக்கு முன்னால் ஒரு வீடு

ஜூன் 15, 2025

காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா வந்து சொல்லிவிட்டார். "இடிச்சுக் கட்டப் போறோம்மா. ஆடி பொறக்கறதுக்குள்ள வேற எடம் பார்த்துக்குங்க." ஆறு குடித்தனத்துக்கும் அதே பேச்சு.

மண்ணூர்பேட்டையில் இந்த லைன் வீட்டுக்கு வந்து எட்டு வருடம். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஆறு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ். வாடகை 4,500. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நடந்தே போய்விடலாம். அதற்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

ஜூன் 22

ஞாயிறு முழுக்க நடை. கொரட்டூர், பாடி, அத்திப்பட்டு. டூ-லெட் போர்டைப் பார்த்து விசாரித்தால் "எத்தனை பேர்?", "என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். கம்பெனியில் கான்ட்ராக்ட் என்றதும் குரல் மாறிவிடுகிறது.

ஒரு ஹால், ஒரு கிச்சன், வாடகை 8,000. அட்வான்ஸ் பத்து மாதம். எங்கள் இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 29,000. 80,000 ரூபாயை மொத்தமாக எங்கே புரட்டுவது?

தமிழ்நாட்டில் 2017-இல் வாடகைச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. வீடு கிடைத்தால் போதும் என்று வாசலில் நிற்கிறவர்கள் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

கரண்ட்டுக்கு யூனிட் 9 ரூபாயாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருவது எங்களைப் போல வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் அவருக்கே கரண்ட் காசு கட்டும் குடித்தனங்களுக்கு வந்து சேர்வதே இல்லை.

ஜூன் 25

என் பக்கத்து மேஜையில் செக்கிங் செய்யும் பெண்ணின் தங்கை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதியில் இருக்கிறாள். 18,720 பெண்கள் தங்கும்படி 706 கோடி ரூபாயில் கட்டி, போன வருடம் ஆகஸ்டில் திறந்தார்கள். ஊரிலிருந்து தனியாக வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! மனதாரச் சந்தோஷம். ஆனால் அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு? அதே கம்பெனி, அதே சம்பளம்தான். அப்புறம் அவளும் எங்களைப் போல போர்டு பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

ஜூன் 29

பெரும்பாக்கம் போய்ச் சித்தியைப் பார்த்து வந்தோம். கூவம் கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எட்டு மாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. சித்திக்கு இன்னமும் இது 'போர்டு வீடு'தான்.

உள்ளேயே கக்கூஸ், தனிச் சமையல்கட்டு. எனக்கு ஆசையாக இருந்தது. சித்தப்பா சிந்தாதிரிப்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பஸ் மாறி மாறி ஆறு மாதம் போய்ப் பார்த்தார், முடியவில்லை. இப்போது பக்கத்து அபார்ட்மென்டில் வாட்ச்மேன். நாற்பது வருடத் தொழில் தெரிந்த கை அது. "வீடு நல்லாத்தான் இருக்கு கண்ணு, வேலைதான் தூரமாயிடுச்சு" என்றார் சித்தி.

இடம் மலிவாகக் கிடைக்கும் திசையிலேயே வீடு கட்டுகிறார்கள். எஸ்டேட்டைச் சுற்றி நாலு மாடி வாரிய வாடகை வீடுகள் இருந்தால், மாதம் 5,000, 6,000 என்று நாங்கள் ஒழுங்காகக் கட்ட மாட்டோமா? இலவசமாக யார் கேட்டார்கள்?

ஜூலை 6

திருநின்றவூரில் கிடைத்தது. வாடகை 5,000, அட்வான்ஸ் 30,000. சீட்டைத் தள்ளி எடுத்தோம், 6,000 நஷ்டம். பாப்பாவுக்கு டிசி வாங்க வேண்டும்.

ஜூலை 13

பால் காய்ச்சினோம். ஆறு குடித்தனமும் ஆறு திசைக்குப் போய்விட்டது. மூன்றாம் வீட்டு அக்கா வேலையை விட்டுவிட்டு செஞ்சிக்கே திரும்பிவிட்டார்.

ஜூலை 14

ஆறு மணி ஷிப்ட். நாலு மணிக்கு எழுந்து, பாப்பாவை எழுப்பாமல் டிபன் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன். ரயில் பெட்டியில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. ஒரு அக்கா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பட்டரவாக்கத்தில்தான் அவரும் இறங்க வேண்டுமாம். ஆறு வருடமாக இந்த ரயிலில் வருகிறார். அதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"மண்ணூர்பேட்டை" என்றார்.