அப்பத்தா வச்ச கைநாட்டு

போன மாசம் உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊருக்கு சர்க்கரை நோய் ஆய்வுக்காகப் போயிருந்தேன், அங்க ஒரு அப்பத்தா திண்ணையில உக்காந்து நான் வாசிச்ச நாலு பக்க சம்மதப் படிவத்தையும் தலையாட்டிக் கேட்டுட்டு, கைநாட்டும் வச்சிட்டு, "ஓஏப்பி பணம் எந்த மாசத்துல இருந்து வரும் தாயி"ன்னு கேட்டுச்சு, முதியோர் பென்சனுக்கு வந்திருக்கோம்னு நெனச்சிருக்கு. எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. ரத்தம் எடுக்கல. அந்தப் படிவம் செல்லாதுன்னு எழுதி வச்சிட்டு முதல்ல இருந்து பேச ஆரம்பிச்சேன்.

தப்பு அப்பத்தா மேல இல்ல. எங்க படிவம் இங்கிலீஷ்ல எழுதுனது, அதைத் தமிழாக்கி, அந்தத் தமிழை இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷாக்குவாரு, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க, பேக் ட்ரான்ஸ்லேஷன்னு பேரு. "தன்னார்வப் பங்கேற்பு"ன்னு எழுதுனா கொஞ்சமும் பிசகாம வாலன்டரி பார்ட்டிசிபேஷன்னு திரும்பி வந்துடும், ஓகே ஆயிடும். ஆனா களையெடுத்துட்டு வந்து உக்காந்திருக்கிறவங்க அந்த வார்த்தையை ஆயுசுல ஒரு தடவைகூடப் பேசியிருக்க மாட்டாங்களே.

இப்பல்லாம் நான் சொல்றது இதுதான்: இது பென்சன் இல்ல, குழு லோன் இல்ல, மருந்தும் தரமாட்டோம். ரெண்டு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம், ஊசி குத்துற எடம் வலிக்கும். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரை எப்பவும்போலக் கெடைக்கும். (இந்தக் கடைசி விஷயத்தைத்தான் ரெண்டு மூணு தடவ சொல்லணும், மாத்திரை நின்னுடுமோங்கிற பயம்தான் நெறைய பேர கையெழுத்துப் போட வைக்குது.) சொல்லிட்டு, "புரிஞ்சுதா"ன்னு கேக்குறதே இல்ல, கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. "பக்கத்து வீட்டு அக்கா கேட்டா நாங்க எதுக்கு வந்தோம்னு என்ன சொல்லுவீங்க"ன்னு கேப்பேன், அதுல தெரிஞ்சிடும்.

படிக்கத் தெரியாதவங்கன்னா ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்துல இருந்து கூட இருக்கணும்னு ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு. கடைசி நிமிஷத்துல தெருவுல போறவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குறது சாட்சி ஆகாது. ஊர் நர்ஸ் வேண்டாம்பேன், அவங்க முன்னாடி யாரு வேணாம்னு சொல்லுவா? 2009ல அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துல ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி ஆய்வுல ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வார்டனுங்களே கையெழுத்துப் போட்டதைப் படிச்சப்ப மனசு ஆறல.

அன்னைக்கு ரெண்டாவது தடவை கேட்டு முடிச்சதும் அப்பத்தா, "அப்ப எனக்கு வேணாம் தாயி, இருக்கிற ரத்தமே கொஞ்சம்"னு சொல்லுச்சு. சரிங்க அப்பத்தான்னு எழுதிக்கிட்டேன். மோர் குடுத்து அனுப்புச்சு.