அந்தரத்தில் நிற்கப் பழகிய ஊர்

போன மாதம் பெங்களூருக்குப் பகல் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். அரக்கோணத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றது. சன்னல் வழியாக ஒரு விசில் சத்தம் வந்தது. ரயிலுடையது அல்ல, மெல்லிசான, விடாமல் இழுக்கும் டர்பைன் விசில். எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டேன். "என்ன தேடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். "சேத்தக்" என்றேன். கிழக்கே தாழ்வாக, மூக்கைச் சற்றுக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் நான் கற்றுக்கொண்ட அதே ஹெலிகாப்டர்.

அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளி இருப்பது பலருக்கும் தெரியும். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. ராஜாளியை 1992 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். எங்களுக்கு மூத்தவர்கள் கொச்சியில் படித்தவர்கள். நாங்கள் 1995 கோடையில் போய்ச் சேர்ந்தோம். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலைத் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், தலைக்கு மேலே சுழலும் ரோட்டருக்குத் தூக்கும் பலம் குறையும். அதனால் விடியும் முன்பே ஓடுதளத்தில் இருப்போம்.

அதற்கு முன் எச்.பி.டி-32 விமானத்தில் பறந்து பழகியிருந்தோம். பறக்கத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. முதல் நாளிலேயே அது போய்விட்டது.

விமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதுபாட்டுக்குப் பறக்கும். ஹெலிகாப்டர் அப்படி இல்லை. இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல், அதை உயர்த்தினால் மேலே எழும். வலது கையில் சைக்ளிக் என்ற பிடி, எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் நகரும். இரண்டு கால்களிலும் பெடல். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். சேத்தக்கின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போல வலமாகச் சுற்றும். ஆகவே கலெக்டிவை ஒரு விரற்கடை தூக்கினாலே மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வலது பெடலை அமுக்க வேண்டும். பெடலை அமுக்கினால் மொத்த வண்டியும் பக்கவாட்டில் நகரப் பார்க்கும், சைக்ளிக்கைத் தொட வேண்டும். சைக்ளிக்கைத் தொட்டால் உயரம் குறையும், மறுபடி கலெக்டிவ். தரைக்குப் பத்தடி மேலே ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஹோவர் என்போம். முதல் வாரத்தில் எனக்கு ஒரு கால்பந்து மைதானம் போதவில்லை. இடது பக்கம் ஒதுங்குவது தெரிந்து வலது பக்கம் தள்ளுவேன். அது நேராகத் தொடங்கும்போது என் கை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். ஊஞ்சல் போல ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். சட்டை முழுக்க நனைந்துவிடும்.

என் பயிற்றுநர் வடக்கத்திக்காரர், அதிகம் பேச மாட்டார். ஆட்டம் அளவு மீறும்போது மட்டும் அவர் கை வரும், உடனே வண்டி மேசை மேல் வைத்த செம்பு மாதிரி நின்றுவிடும். ஒருநாள் என் வலது கையைப் பார்த்துவிட்டு, கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டால் மட்டும் பிடிக்கச் சொன்னார். பக்கத்தில் தரையைப் பார்க்காதே, தூரத்து மரத்தைப் பார் என்றார். ஏழாவதா எட்டாவதா நாள் என்று நினைவில்லை, காலை ஆறு மணி வாக்கில் திடீரென்று நின்றது. எப்படி நின்றது என்று இன்று கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. சைக்கிள் ஓட்ட வந்த கணத்தை யாரால் விளக்க முடியும்?

வழி கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். இல்லை. தொடையில் கட்டிய வரைபடம், கடிகாரம், திசைகாட்டி. அரக்கோணம் இதற்கென்றே அமைந்த ஊர் மாதிரி இருந்தது. சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று தண்டவாளம் நாலு பக்கமும் பிரியும். தெற்கே போனால் பாலாற்று மணல். காவேரிப்பாக்கம் ஏரி கண்ணில் பட்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். சோளிங்கர் மலையும் திருத்தணி மலையும் எங்களுக்கு மைல்கல்கள். கோடையில் சின்ன ஏரிகள் வற்றிவிடும். வரைபடத்தில் நீலமாக இருப்பது தரையில் செம்மண்ணாகக் கிடக்கும். அதில் ஏமாந்து இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது சில நாள் டி.யு-142 ஓடுதளத்தில் நிற்கும். ரஷ்ய விமானம், நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர். அது கிளம்பினால் தங்கும் விடுதியின் சன்னல்கள் நடுங்கும். 2017-இல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது பி-8ஐ ஜெட்.

எனக்கு நிஜமாகவே பயம் கொடுத்தது ஆட்டோரொட்டேஷன். எஞ்சின் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது. தரைக் குழுவில் தூத்துக்குடிப் பக்கத்துச் சீஃப் (மூத்த மாலுமி) ஒருவர் இருந்தார். "பனையோலைக் காத்தாடியப் பிடிச்சிக்கிட்டு ஓடியிருக்கீங்கல்லா சார்? அதேதான்" என்றார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. கலெக்டிவை முழுக்க இறக்கிவிட வேண்டும். வண்டி விழும், விழுகிற வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்றும். வயிறு தொண்டைக்கு வரும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும், பிறகு மட்டமாக்கி, ரோட்டரில் சேர்த்து வைத்திருக்கும் சுழற்சியை ஒரே ஒரு முறை கலெக்டிவால் செலவழிக்க வேண்டும். முன்னாடியே செலவழித்தால் மேலேயே தீர்ந்துவிடும், தாமதித்தால் தரை வந்துவிடும்.

வண்டியின் உடல் சுற்றிவிடாமல் பிடித்திருக்கும் வால் ரோட்டர் போய்விட்டால் என்ன செய்வது என்பதை நாங்கள் கரும்பலகையில்தான் படித்தோம். காற்றில் அதைச் செய்து பார்க்க முடியாது. பின்னாளில் பெங்களூரில் துருவ் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் உட்கார்ந்தபோது அதை எனக்குக் கொடுத்தார்கள். உலகமே பம்பரமாகச் சுற்றியது. முதல் முறை 'செத்தேன்', இரண்டாவது முறையும். நான்காவது முறை இறக்கிவிட்டேன். வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கரும்பலகைப் பாடத்தை மட்டும் நம்பி எத்தனை பேர் பறந்திருக்கிறோம்! சிமுலேட்டர் வேண்டாம் என்று சொல்லும் பழைய ஆட்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஹோவரை மட்டும் பையன்கள் நிஜ வண்டியில், நிஜ வெயிலில் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இருக்கை வழியாக முதுகுக்கு வரும் அந்தச் செய்தியைத் திரை தராது.

பையன்கள் என்று எழுதிவிட்டேன், அதுவும் இப்போது சரியில்லை. 2024 ஜூனில் அதே பள்ளியில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட்டாக இறக்கைச் சின்னம் வாங்கினார். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் வலது இருக்கையில் தனியாக உட்கார்ந்திருப்பார் இல்லையா?

தனியாகப் பறக்க என் முறை வந்தது ஜூன் மாதத்தில். பயிற்றுநர் பெல்ட்டைக் கழற்றி, அதைக் காலி இருக்கையில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். தூக்கினேன். இடப்பக்கப் பாரம் இல்லாததால் வண்டி வலப்பக்கம் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்து தொங்கியது, வேறு யாரோ ஒருவருடைய வண்டி மாதிரி. ஒரு சுற்று, ஒரு ஹோவர், இறக்கம். எட்டு நிமிடம்.

அப்புறம் என் பறப்புப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். கேப்டன் என்ற கட்டத்தில் அதுவரை வரிசையாக அவர் பெயர். அந்த வரியில் 'செல்ஃப்' என்று எழுதினேன்.