வாசலில் அம்மாவின் செருப்பு

ஜூன் 2, திங்கள்

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஆபரேஷன் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. தம்பியிடம், "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பாவைச் சேர்த்திருந்தபோது இவனைக் கூட்டிப்போய் வார்டில் நடந்தது போதும்.

ஜூன் 3, செவ்வாய்

இரவு மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். தம்பி அம்மாவின் செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் வந்து கழற்றிப் போட்டது போல.

ஜூன் 4, புதன்

நான் பிசைந்த சோறு அவனுக்கு இறங்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த நாவலை மறுபடி படிக்கிறேன். மார்க் ஹாடன் 2003-ல் எழுதிய 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்'. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறோம். அதுவும் நான் கேட்டுக்கொண்டதால்.

கதையைச் சொல்கிற கிறிஸ்டோபருக்குப் பதினைந்து வயது. அத்தியாயங்களுக்குப் பகா எண்களாகப் போடுகிறான். வரிசையாக நாலு சிவப்புக் கார் பார்த்துவிட்டால் அன்று நல்ல நாள். மஞ்சள் நிறச் சாப்பாட்டைத் தொட மாட்டான். தம்பிக்கு ஆட்டிசம். முதல் தடவை பக்கத்துக்குப் பக்கம் அவனைத் தேடிக்கொண்டே படித்தேன். சத்தம் தாங்காமல் முனகுகிற இடங்களில் இருந்தான். கணக்கு வருகிற இடங்களில் காணாமல் போனான்.

இந்த முறை வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். அம்மா இறந்துவிட்டதாக அப்பா பையனிடம் சொல்லிவைத்திருக்கிறார். அவளோ லண்டனில் உயிரோடு இருந்து கடிதம் மேல் கடிதம் போடுகிறாள். அத்தனையையும் அப்பா ஒளித்து வைக்கிறார். அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் தம்பி பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க." என் குரல். கடைசியில் நான் இழுத்த அதே இழுப்பு. சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்வது அவன் பேச்சு. அவன் வாயில் என் பொய்யை வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தண்டையார்பேட்டை டியூஷன் சென்டர் மாடியில் ஆறு பேர். மின்விசிறி ஓடியும் வியர்த்து ஊற்றியது. எல்லாருக்கும் புத்தகம் பிடித்திருந்தது. "பொய் சொல்லவே தெரியாத பிள்ளை, தெய்வக் குழந்தை" என்றார் ஒருவர். வங்கித் தோழி அந்த அப்பாவை நினைத்து அழுதேவிட்டாள். "பாவம், தனி ஆளா அந்தப் பையனை வெச்சிக்கிட்டு என்னதான் பண்ணுவார்?" எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் தூங்கவிடவில்லை. எதிர்வீட்டு நாயைக் கொன்றதே அந்த அப்பாதான். அதை அவரே ஒப்புக்கொண்ட இரவில், நாளைக்கு என்னையும் கொன்றுவிடலாம் என்று பயந்து பையன் தோட்டத்தில் ஒளிந்து கிடக்கிறான். அப்புறம் தன்னந்தனியாக ரயிலேறி லண்டன் போகிறான். முதல் பக்கத்திலிருந்து நம்மிடம் பேசிக்கொண்டிருப்பவன் அவன். எங்கள் கண்ணீர் மட்டும் அப்பாவுக்குப் போனது. பார்த்துக்கொள்கிறவரின் அசதி எல்லாருக்கும் புரிகிறது. பார்த்துக்கொள்ளப்படுகிறவனின் பயத்தை யாரும் எடுத்துப் பேசவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஜூன் 9, திங்கள்

சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க மாட்டார்களாம்.

ஜூன் 10, செவ்வாய்

சாயந்திரம் கொருக்குப்பேட்டை கேட் வரை அவனைக் கூட்டிப்போனேன். கூட்ஸ் வண்டி போகும்போது முகத்தில் அடிக்கிற காற்று அவனுக்கு வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கேட்டார்: "எத்தினி பெட்டின்னு கரெக்டா சொல்லிடுவானாமே, இந்த மாதிரி புள்ளைங்க?"

எண்ண மாட்டான். அவனுக்குக் காற்று போதும்.

1988-ல் வந்த 'ரெய்ன் மேன்' படத்தில், தரையில் கொட்டிய பல்குத்தும் குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் 246 என்பார் ஆட்டிசம் உள்ள ரேமண்ட். அந்தப் படத்தைக் கேள்விப்படாதவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்று பிற்பாடு தெரியவந்தது. கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது.

2013-ல் ஆட்டிசம் உள்ள பையனைப் பற்றிய 'ஹரிதாஸ்' படம் வந்தபோது தம்பிக்கு எட்டு வயது. அம்மா தியேட்டரில் அழுதுகொண்டே இருந்தாள். படத்தில் அந்தப் பையன் ஓடுகிறான் என்பதால் எங்கள் தெருவே இவனையும் ஓடவிடச் சொன்னது. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். கார்ப்பரேஷன் மைதானத்துக்கு ஒரு மாதம் கூட்டிப்போனோம். மூலையில் குழாய் சொட்டுவதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். கடைசி நாள் அம்மா சொன்னாள்: "ஓடலைன்னா என்னடி, நடந்து வீட்டுக்கு வரான்ல."

அவள் இல்லாமல் இந்த வீடு எப்படி இருக்கிறது என்று எழுத வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

வங்கித் தோழி சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். தம்பி எதிரே நின்று வலது கையைத் தூக்கி விரல்களை விசிறி போல விரித்துக் காட்டினாள். நாவலில் கட்டிப்பிடிப்பதற்குப் பதிலாக அப்பாவும் பையனும் அப்படித்தான் விரல்களைத் தொட்டுக்கொள்வார்கள். தம்பி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டான். கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. "என்னை அவனுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

படித்ததை இவ்வளவு மனசார எடுத்துக்கொண்டு வந்தவளை என்ன சொல்வது? அது கிறிஸ்டோபர் வீட்டு வழக்கம். இவன் நம் முழங்கைத் தோலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டுவான். அதுவும் அம்மா கையில் மட்டும். சொன்னேன். தன் முழங்கையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

செருப்பு இன்றைக்கும் உள்பக்கம் பார்த்து.

ஜூன் 13, வெள்ளி

மாடி வீட்டு ஆயாவிடமும் சொல்லியிருக்கிறான். ஊருக்குப் போயிருக்காங்க. ஊருக்குப் போயிருக்காங்க.

ஜூன் 15, ஞாயிறு

இன்று பேசிவிட்டேன். ஆட்டிசத்தின் ஒரு வகையை அப்போது ஆஸ்பெர்கர் என்பார்கள். நாவலுக்குள் அந்தச் சொல்லே கிடையாது, அட்டையில்தான் போட்டார்கள். இது ஆஸ்பெர்கரைப் பற்றிய புத்தகம் இல்லை, அதைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்று ஹாடனே 2009-ல் எழுதியிருக்கிறார். "அப்ப ஏமாத்திட்டாரா?" என்றார் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் ஒரு பையனை எழுதினார். அந்த ஒருவனை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் அளப்பது படிக்கிற நாம். ஆட்டிசம் உள்ள வாசகர்களிலேயே, தன்னைக் கண்டுகொண்டேன் என்றவர்களும் உண்டு, இது நானில்லை என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் எழுதியதைத்தான் நான் முதலில் தேடிப் படித்திருக்க வேண்டும்.

அப்புறம் பொய்யைப் பற்றியும் சொன்னேன். நாவலில் உள்ளதை இல்லை, என்னுடையதை. யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. வங்கித் தோழி மட்டும், "எப்ப சொல்லப்போற?" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

சர்க்கரை இறங்கிவிட்டது. புதன்கிழமை ஆபரேஷன்.

ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. அக்கா பொய் சொல்லிட்டேன்."

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றான், என் குரலில்.

மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, "ஆஸ்பத்திரில" என்றான். எழுந்து வாசலுக்குப் போனான்.

ஜூன் 17, செவ்வாய்

நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். மூன்றிலிருந்து கேட் பக்கம் நிற்கிறோம். செருப்பு இரண்டும் அவன் கையில். பையில் போட விடவில்லை.