தேங்காய் நாரைச் செதுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கணினியில் முப்பரிமாணமாக நார் செதுக்க வேண்டும் என்றதும் கை தானாக ஆல்ஃபாவை, அதாவது பிரஷ்ஷில் மாட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தை, தேடிப் போகும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு உருண்டை, அதற்குப் பரப்பை லெவல் லெவலாகச் சிறு முகங்களாகப் பிரிக்கும் மல்டிரெஸ், லெவலைக் கடைசி வரை ஏற்றிவிட்டு, கோடு கோடாக இருக்கும் படம் ஒன்றை பிரஷ்ஷில் மாட்டித் தேய்த்தால் நார் வந்துவிடும் என்று நினைத்து நானும் இரண்டு நாள் தேய்த்தேன். கம்பளி நூல் சுற்றிய பந்து மாதிரி வந்தது, தேங்காய் வரவில்லை.

அப்புறம் சமையலறையிலிருந்து உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து வந்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். நார் எங்கேயும் சமமாக இல்லை. குடுமிப் பக்கம் கற்றை கற்றையாகத் திரண்டு நிற்கிறது, நடு வயிற்றில் ஓட்டோடு ஒட்டிப் படிந்திருக்கிறது, சில இடங்களில் மட்டையோடு பிய்ந்து போய் வெறும் ஓடே தெரிகிறது. எல்லாம் குடுமியில் தொடங்கி அடி நோக்கி ஓடினாலும், ஓட்டில் இருக்கும் மூன்று வரப்புகளை ஒட்டி வரும்போது கொஞ்சம் வளைகிறது. என் ஆல்ஃபாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் உருண்டை தொடங்குவது கனசதுரமாக, அதில் 6 முகங்கள், ஒவ்வொரு லெவலுக்கும் நாலு மடங்கு, 10 லெவலில் 62,91,456. இவ்வளவு இருந்தும் இடுப்பைச் சுற்றி வருவது 4,096 முகங்கள்தான். சுற்றளவு 30 செ.மீ. என்றால் ஒரு முகம் சுமார் 0.07 மி.மீ. கால் மில்லிமீட்டர் நாருக்கு மூன்று, மிஞ்சினால் நாலு முகம் கிடைக்கும். ஒரு மேடும் இரண்டு பக்கச் சரிவும் ஒழுங்காக நிற்க அது போதவே போதாது. அதனால் ஒவ்வொரு நாராகச் செதுக்கும் ஆசையை விட்டுவிட்டு, கற்றையைச் செதுக்க வேண்டும்.

இப்போது 6-ஆம் லெவலிலேயே வரப்புகளையும் கற்றைகள் ஓடும் போக்கையும் முடித்துவிடுகிறேன், என் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது. 8-இல் டிரா ஷார்ப் பிரஷ்ஷால் கற்றைகளுக்கு நடுவே பள்ளம் கீறுகிறேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைஸ் ஸ்ட்ரோக் போட்டு, பேனாவை அழுத்தித் தொடங்கி மெல்ல விட்டுக்கொண்டே போனால் கோடு நார் மாதிரியே மெலிந்து மறையும். எல்லாக் கோடும் ஒரே நீளத்தில் முடிந்தால் சீப்பால் வாரியது போலாகிவிடும், பாதியில் நிற்பதும் பக்கத்துக் கற்றைக்குள் நுழைவதும் வேண்டும். ஆல்ஃபாவை 10-இல்தான் எடுக்கிறேன், அதுவும் கற்றையின் முதுகில் மட்டும், லேசாக. இழுக்கும் திசைக்கேற்ப ஆல்ஃபாவைத் திருப்பும் ரேக்கை டிக் செய்ய மறக்காதீர்கள். அது இல்லையென்றால் நீங்கள் எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடுகள் ஒரே திசையில்தான் விழும்.

இன்னொன்று, வேலை செய்யும்போது மேட்கேப்பை, அதாவது ஒளியையும் பளபளப்பையும் ஒரு படத்திலிருந்து எடுத்துப் பூசிக் காட்டும் வசதியை, நம்ப வேண்டாம். பளபளப்பான மேட்கேப்பில் ஆழமில்லாத கீறல்கூட அழகாகத் தெரியும். அவ்வப்போது ஒரே ஒரு சன் லைட்டைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால்தான் எது உண்மையில் மேடு, எது வெறும் கோடு என்று புரியும்.

காற்றில் துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றை நார்களை நான் செதுக்குவதே இல்லை. பிளெண்டர் 3.3 பதிப்பில் வந்த, வளைகோடுகளால் ஆன கர்வ்ஸ் முடியைத்தான் அதற்கு நடுகிறேன். குடுமிக்கு மட்டும் இரண்டும் வேண்டும்: உள்ளே ஸ்நேக் ஹூக் பிரஷ்ஷால் இழுத்து முறுக்கிய கற்றை, அதன் மேல் நுனி பிரிந்த சில முடிகள். இந்தத் தேங்காயில் அந்த நுனிகள்தான் இன்னும் பாக்கி.