ஈர்க்கில் தூண்களில் எழும்பும் ராயல் லைவர் கட்டடம்

முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் மெர்சி ஆற்றங்கரையில் நிற்கும் ராயல் லைவர் கட்டடத்தை, குளச்சலில் எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலோரம் வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தில் 98 மீட்டர் உயரம். இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கியதில் 49 சென்டிமீட்டர்.

முதலில் அட்டையைப் பெட்டி பெட்டியாக ஒட்டி அடுக்கினேன். ஜூன் மழையில் கடல் காற்று பட்டு, ஒரே வாரத்தில் சுவரெல்லாம் ஊதிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நிஜக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். 1908 மே மாதம் அடிக்கல், 1911 ஜூலையில் திறப்பு. கட்டடக் கலைஞர் வால்டர் ஆப்ரே தாமஸ் அந்தக் காலத்துக்குப் புதிதான கம்பி கான்கிரீட்டை நம்பி இறங்கியிருக்கிறார். சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் தூணும் உத்தரமும். நாம் பார்த்து அசந்துபோகும் கிரானைட் கல் மேலே போர்த்தியதுதான்.

சரி, நானும் எலும்பிலிருந்து தொடங்கினேன். தென்னை ஈர்க்கிலை மும்மூன்றாகச் சேர்த்து, நூல் சுற்றி, பசை தடவி வெயிலில் காயவைத்தால் நல்ல தூண் கிடைக்கிறது. தளம் தளமாகக் கட்டிவிட்டு அட்டையைக் கடைசியில்தான் ஒட்டினேன். ஆடிச் சாரல் முழுக்கப் பெய்து ஓய்ந்தது, இம்மி அசையவில்லை.

இந்த மாளிகை யார் பணத்தில் எழும்பியது என்பதுதான் என்னை இதோடு கட்டிப்போட்டது. 1850இல் லைவர் என்ற விடுதியில் கூடிய சாதாரண மக்கள், அடக்கச் செலவுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். நம்ம ஊர் சமுதாயச் சங்கங்களில் சாவு வீட்டுக்கென்று எடுத்துவைக்கிறோமே, அதே மாதிரி. அந்தச் சில்லறைக் காசு பெருகிக் காப்பீட்டு நிறுவனமாகி, தலைமை அலுவலகமாக இதைக் கட்டியது.

கடிகாரத்தில் ஒரு தவறு செய்தேன். இரண்டு கோபுரத்துக்கும் இரண்டிரண்டு முகம் ஒட்டியிருந்தேன். பல வருடம் கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தார். “மக்கா, கப்பல்காரனுக்குல்லா மணி தெரியணும். கரையில நிக்கவனுக்கு ஒண்ணு போதும்லா” என்றார். படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஆற்றுப் பக்கக் கோபுரத்தில் மூன்று முகம், ஊர்ப் பக்கக் கோபுரத்தில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றும் 25 அடி விட்டம், லண்டன் பிக் பென்னின் முகத்தைவிடப் பெரியது. மேலே ஏற்றும் முன் ஒன்றை மேசையாகப் போட்டு 40 பேர் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! எனக்கு 38 மில்லிமீட்டர். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிக்கொண்டேன்.

இப்போது கையில் இருப்பது பறவைகள். உச்சியில் நிற்கும் அந்த இரண்டு செம்புப் பறவைகளும் 18 அடி உயரம். எனக்கு 27 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். சிரட்டையில் செதுக்குகிறேன். அதன் வளைவு விரித்த இறக்கைக்கு அப்படியே பொருந்துகிறது. ஆக்சா பிளேடு துண்டால் அறுத்து உப்புத்தாள் தேய்த்தால் பழுப்பு மினுங்குகிறது. நிஜச் செம்பு இப்போது பச்சை பூத்துவிட்டது. நான் சாயம் பூசப்போவதில்லை. 1911இல் புதுச் செம்பாக அவை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை.

அவற்றை வடிவமைத்தவர் கார்ல் பெர்னார்ட் பார்டெல்ஸ் என்ற ஜெர்மானிய மரச்சிற்பி. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்று முகாமில் அடைத்தார்கள். பிறகு நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அவர் கொடுத்த பறவைகளை ஊரின் அடையாளமாக வைத்துக்கொண்டு அவரை மட்டும் அனுப்பியது மனதை அறுக்கிறது. மாதிரியின் அடிப்பலகையில் கட்டடக் கலைஞர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அவர் பெயரையும் செதுக்கிவிட்டேன்.

ஒரு பறவை முடிந்து, கடலைப் பார்த்து நிற்கிறது. ஊரைப் பார்க்க வேண்டிய இரண்டாவதுக்கு இறக்கை மட்டும் பாக்கி. அதற்குக் கொஞ்சம் தடித்த சிரட்டை தேடிக்கொண்டிருக்கிறேன்.