பதினைந்து பாகைக்குள் ஒரு தெரு

5 ஜனவரி 2025, ஞாயிறு, பாளையங்கோட்டை

இரண்டு மாத உழைப்பில் உருவான பெட்டியை இன்று தலையில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்தேன். நெற்றியில் ஒரு கேமரா, கண்களுக்கு முன்னால் ஒரு சிறு திரை, இரண்டையும் இணைக்கும் ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினி ஆகியவை சேர்ந்ததே அந்தப் பெட்டி. கேமரா தரும் காட்சியின் ஒளி வேறுபாட்டைக் கூட்டித் திரையில் காட்ட வேண்டும் என்பது திட்டம். படம் அழகாகவே இருந்தது. ஆனால் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேசையில் கொட்டியது. கேமரா என் கண்ணுக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே இருப்பதால், கை இருக்கும் இடம் ஒன்றாகவும் கண் காட்டும் இடம் வேறாகவும் ஆகிவிடுகிறது. டொராண்டோவின் ஆய்வாளர் ஸ்டீவ் மான், கண்ணுக்கு முன்னால் அணியும் தமது ஐடேப் கருவியில் பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்து, கண்ணுக்கு வர வேண்டிய அதே ஒளிக்கதிர்களைக் கேமராவுக்கு அனுப்பியதன் அருமை இன்றுதான் எனக்கு உறைத்தது.

என் கண்ணைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்புகளைத் தொடர்வதில் பொருளில்லை. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கும் பக்கவாட்டுப் பார்வைக்கும் உதவும் குச்சி செல்கள் முதலில் அழிந்தன. நடுவில் கூம்பு செல்கள் காத்துவரும் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் அந்த வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 15 பாகை. கை நீட்டும் தொலைவில் இது 16 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி 79 சென்டிமீட்டர், அதாவது ஒரு கதவின் அகலம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை உள்ள பார்வைப் புலத்தைக் குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் குறைந்ததைப் பார்வையின்மை என்றும் வகுக்கிறது. நான் முதல் வகையில் இருக்கிறேன். நடுவட்டத்தில் எழுத்துப் பலகையை 6/9 வரை வாசித்துவிடுவேன்; அதாவது குறையில்லாத கண் 9 மீட்டரில் வாசிக்கும் எழுத்தை நான் 6 மீட்டரில் வாசிப்பேன்.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனம் கனத்தது. 6/6 பார்வைக்கு ஒரு பாகைக்கு 60 புள்ளிகள் தேவை. என் பெட்டியோ 66 பாகைக் காட்சியை 1280 புள்ளிகளில் காட்டுகிறது; பாகைக்கு 19 புள்ளிகள்தான். குறையில்லாத கண் உள்ளவர் அணிந்தாலும் இதில் 6/18 அளவுக்குத்தான் பார்க்க முடியும். என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே நல்ல பொருளான நடுப்பார்வையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக எதையும் இந்தப் பெட்டி தரவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

கேமரா பார்ப்பதற்கும் திரை காட்டுவதற்கும் இடையிலான தாமதத்தை அளந்தோம். கணினித் திரையில் மில்லி விநாடி ஓடும் கடிகாரத்தை வைத்து, அதையும் பெட்டிக்குள் தெரியும் அதன் படத்தையும் சேர்த்து, நொடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியில் என் அண்ணன் மகன் பதிவு செய்தான். 36 படங்கள் பிந்தியது. 150 மில்லி விநாடி. தலை திரும்பும்போது கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிக் காட்சியை அசையாமல் பிடிக்கும் அனிச்சைச் செயல் ஏறத்தாழ 10 மில்லி விநாடியில் நடந்துவிடுகிறது. உடம்பு பத்தில் முடிக்கும் வேலையை இயந்திரம் நூற்றைம்பதில் முடித்தால் குமட்டல் வராமல் என்ன செய்யும்? பெட்டியைக் கழற்றிய பிறகும் கால் மணி நேரம் தரை மிதந்தது.

13 ஜனவரி, திங்கள், போகி

பரணைச் சுத்தம் செய்கையில் ஆச்சியின் மூக்குக்கண்ணாடி ஒரு தகர டப்பாவில் கிடைத்தது. எண்பதுகளின் இறுதியில் ஆச்சிக்குக் கண்புரை அறுவை நடந்தபோது லென்சை எடுத்துவிட்டார்களே தவிர, உள்ளே வேறு லென்ஸ் வைக்கவில்லை. அதற்கு ஈடாக இந்தத் தடித்த கண்ணாடியைக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கடையில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கூட்டல் 10 பவர். அப்படியென்றால் குவியத் தூரம் 10 சென்டிமீட்டர்.

அம்மாவிடம் கேட்டேன். “ஆச்சி இருந்தா அவளே எடுத்துக் குடுத்திருப்பா, எடுத்துக்கோ” என்றாள்.

19 ஜனவரி, ஞாயிறு

பெட்டியைக் கைவிட்டுவிட்டேன். நான் போன வழியே எனக்கு உரிய வழி இல்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. 1994-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் நாசாவுடன் சேர்ந்து வெளிக்கொணர்ந்த தலைக்கருவி தொடங்கி, இத்துறையின் பெரும்பாலான முயற்சிகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதையே மையமாகக் கொண்டவை. நடுப்பார்வை கெட்டு ஓரப்பார்வை மிஞ்சியவருக்கு அது வரம். எனக்கு நேர்மாறு. பெரிதாக்கினால் என் கதவுக்குள் இன்னும் குறைவான பொருள்களே அடங்கும். பாஸ்டனின் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் எலி பெலி என்பவர் இதற்கு வேறொரு வழி கண்டார். இயல்பான காட்சியைத் தொடாமல், அகன்ற காட்சி ஒன்றைச் சிறிதாக்கி, அதன் புறக்கோடுகளை மட்டும் அந்தக் காட்சியின் மேல் மெல்லியதாகப் படியவைப்பது அது. பார்வையும் மிஞ்சும், பக்கத்தில் என்ன வருகிறது என்ற செய்தியும் கிடைக்கும்.

புறக்கோட்டுக்கு வண்ணம் வேண்டாம், சாம்பல் நிறப் படிகளும் வேண்டாம். ஒரு புள்ளி எரிந்தால் கோடு, எரியாவிட்டால் வெற்றிடம். மாணவர்கள் செயல்திட்டங்களுக்கு வாங்கும் 0.96 அங்குல ஓஎல்இடி திரையே, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சிறு திரையே, இதற்குப் போதும். 128-க்கு 64 புள்ளிகள். அதன் ஒளிரும் பரப்பு 21.7 மில்லிமீட்டர் அகலம். ஆச்சியின் லென்சின் குவியத்தில் அதை வைத்தால் கண்ணுக்கு 12.4 பாகை அகலமாகத் தெரியும். கேமராவின் 66 பாகைக் காட்சி அதற்குள் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமாகச் சுருங்கி அடங்குகிறது. தேடித் தேடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமான லென்ஸ் எனக்குக் கிடைத்திருக்காது.

25 ஜனவரி, சனி

மெல்லிய அக்ரிலிக் தகட்டில் கார்க் கண்ணாடிக்கு ஒட்டும் ஃபிலிம் துண்டை ஒட்டி, வலக்கண்ணுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் நிறுத்தினேன். நெற்றியோரம் இருக்கும் திரையின் ஒளி ஆச்சியின் லென்ஸ் வழியாக வந்து தகட்டில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. தகட்டுக்கு அப்பால் உலகம் வழக்கம்போல் தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக. பிம்பம் இடவலம் மாறி விழுந்ததை நிரலில் ஒரே வரியில் சரிசெய்தேன்.

மாலை நான்கு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து நேராகத் தெருவின் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அண்ணன் மகன் இடமோ வலமோ எதிர்பாராத நேரத்தில் அடிமேல் அடி வைத்து வருவான். அவனை உணர்ந்ததும் நான் கையைத் தூக்க வேண்டும். வெறும் கண்ணால் 20 முறையில் 4 முறைதான் அவன் என்னைக் கடப்பதற்கு முன் உணர்ந்தேன். கருவியோடு 13. அந்தப் பதின்மூன்றில் முதல் முறை, என் இடப்பக்கத்தில் ஒரு தீப்பெட்டிக் குச்சி அளவில் பச்சை ஒளிக்கோடுகளாலான மனிதன் ஒருவன் தோன்றி நகர்ந்தபோது, நான் கையைத் தூக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை நான் பல ஆண்டுகளாகக் காதால் மட்டுமே அறிந்திருந்தேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

வெள்ளைக் கோலுடன், அண்ணன் மகன் இரண்டடி பின்னால் வர, கொல்லையில் நடந்தேன். துணி காயப்போடும் கொடிக்கயிறு கழுத்தில் மாட்டியது. காயமில்லை, ஆனால் அது ஏன் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் எளிது. ஐந்து மில்லிமீட்டர்க் கயிறு மூன்று மீட்டர் தள்ளி 0.1 பாகை. 640 புள்ளி அகலமுள்ள கேமராப் படத்தில் அது ஏறத்தாழ ஒரு புள்ளி. நான் முதலில் படத்தை 128 புள்ளிக்குச் சுருக்கிவிட்டு, பிறகு கோடுகளைத் தேடினேன். சுருக்கும்போது ஐந்து புள்ளிகளின் சராசரியில் கயிற்றின் கருமை ஐந்தில் ஒன்றாகக் கரைந்து, கோடாகக் கொள்வதற்கான எல்லைக்குக் கீழே போய்விட்டது. வரிசையை மாற்றினேன். முழுப் படத்தில் முதலில் கோடுகளைக் கண்டுபிடித்து, ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு கோட்டுப் புள்ளி இருந்தாலும் திரையில் அந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று எழுதினேன். கயிறு வந்தது. கூடவே வேப்பமரத்தின் ஒவ்வோர் இலையும் வந்து, மேல்பாதித் திரை பச்சைப் பாசியாக மூடிக்கொண்டது. கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கிய கட்டங்களை அணைத்துவிடச் சொன்னேன். மரம் இப்போது ஒரு வெற்றிடமாகத் தெரிகிறது. கயிறு மரத்துக்கு முன்னால் இருந்தால் அதுவும் போய்விடும். இதற்கு இன்னும் விடை இல்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

நாளை மறுநாள் தைப்பூசம். திருச்செந்தூர்ச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் நடந்து போகிறது. இருட்டிய பிறகு சாலையோரக் கடை ஒன்றின் படியில் அம்மாவுடன் அமர்ந்து பார்த்தேன். இருட்டில் கேமரா ஒளியை மிகைப்படுத்தும்போது படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் எழுகிறது, ஒவ்வொரு மணலையும் கோடு தேடும் நிரல் பொருளாக எடுத்துக்கொள்கிறது. நான்கு படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மணல் அடங்குகிறது, ஆனால் நடப்பவர்கள் வாலோடு தெரிகிறார்கள். கடைசியில் எல்லையை உயர்த்தி, வலுவான கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடியவர்களின் பைகளிலும் கோல்களிலும் ஒட்டியிருந்த ஒளியை எதிரொளிக்கும் வில்லைகள் வண்டி வெளிச்சம் படும்போதெல்லாம் பளீரென்று எரிந்தன. திரையில் முதலில் அவைதான் வந்தன, அவற்றைச் சுற்றி மனிதர்கள் பிறகு உருவானார்கள். தெருவிளக்கின் கீழ் நடந்தவர்களை எண்ண முடிந்தது. இரண்டு விளக்குகளுக்கு நடுவே, வில்லை இல்லாத பச்சை வேட்டிக்காரர்கள் எனக்கு மறைந்துபோனார்கள். அம்மா ஒவ்வொரு குழுவையும் சொல்லிக்கொண்டே வந்தாள்; பாதிக்கும் மேல் நான் பார்க்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

கணினியிலிருந்து திரைக்குப் படத்தை அனுப்பும் இணைப்பை ஐ-ஸ்கொயர்-சி என்ற மெதுவான முறையிலிருந்து எஸ்பிஐ என்ற வேகமான முறைக்கு மாற்றினேன். ஒரு முழுத்திரை 1024 பைட்டுகள். பழைய இணைப்பில் அதை அனுப்பவே 23 மில்லி விநாடி ஆயிற்று, இப்போது ஒன்றிரண்டு. கேமராவையும் நொடிக்கு 60 படமாக உயர்த்தினேன். மொத்தத் தாமதம் 17 படங்கள், 71 மில்லி விநாடி. பெட்டியைப்போல் இது குமட்டலைத் தருவதில்லை, ஏனென்றால் உலகத்தை நான் நேரடியாகப் பார்க்கிறேன். பிந்துவது எச்சரிக்கை மட்டும்தான். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த நேரத்தில் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைய சோதனை என்னைக் கவலைப்படுத்துகிறது. திண்ணையில் பச்சைக் கோடுகளை மிகக் கவனமாகத் தொடர்ந்துகொண்டிருந்தபோது, என் நடுவட்டத்துக்குள்ளேயே, மூன்று மீட்டரில், அண்ணன் மகன் வந்து நின்றிருக்கிறான், நான் பார்க்கவில்லை. “அத்தை, நான் இங்கதான் நிக்கேன்” என்றபோதுதான் தெரிந்தது. கண் பார்த்ததை மனம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வட்டத்தில் இரண்டு காட்சிகளை அடுக்கினால் கவனமும் இரண்டாகப் பிரிந்துதான் தீரும். திரையின் பிரகாசத்தைக் குறைத்தேன். சட்டைப்பையில் ஒரு பொத்தானை வைத்து, அழுத்தும்போது மட்டும் கோடுகள் தோன்றும்படி செய்தேன். நடக்கும்போது அணைந்திருக்கும், நின்று நாற்புறமும் அறிய வேண்டிய இடத்தில் எரியும்.

2 மார்ச், ஞாயிறு

திரையின் உயரம் அகலத்தில் பாதி என்பதால் செங்குத்தாக 33 பாகைதான் கிடைக்கிறது. கேமரா தரையிலிருந்து 1.45 மீட்டர் உயரத்தில் நேராக நோக்கியபோது ஐந்து மீட்டருக்கு இப்பால் தரையே தெரியவில்லை. பத்துப் பாகை கீழே சாய்த்து ஒட்டினேன். இப்போது மூன்று மீட்டரிலிருந்து தெரிகிறது. வெள்ளைக் கோலின் நுனியிலிருந்து அந்த மூன்று மீட்டர் வரை உள்ள இடைவெளிக்குத் தலையைக் குனிந்து ஒரு முறை துழாவ வேண்டும். மாலை தெருமுனை வரை போனேன். முனையில் நின்று பொத்தானை அழுத்தினேன். வலப்பக்கம் ஒரு மாடும் இடப்பக்கம் ஒரு சைக்கிளும் கோடுகளாக வந்தன. சைக்கிள் கடந்ததும் பொத்தானை விட்டுவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு திரும்பினேன்.