பூமலையில் ஒரு காலை

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு, அழைத்துப் போனேன். எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலேயே "பூ மலை" என்று தமிழில் இருக்கிறது. மலை எங்கே என்று கேட்டால் நான் பொறுப்பில்லை, மேடுபள்ளம்தான்.

அஞ்சு வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தை முதலில் காட்டினேன். 1859இல் தோட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே நிற்கும் மரம் என்கிறார்கள். அம்மா பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, "கிளை சரியாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அப்புறம் ஒரு ரப்பர் மரம். அங்கேதான் நின்றுவிட்டார். ஜொகூர் தோட்டத்தில் விடியலுக்கு முன்பே பால்மரம் வெட்டப் போன தாத்தாவின் மகள் அல்லவா! 1877இல் இந்தப் பூமலைக்கு வந்த நாற்றுகளிலிருந்துதான் மலாயாவில் ரப்பர் பரவியது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கே இயக்குநராக இருந்த ரிட்லி செம்மைப்படுத்தினார். இதைச் சொன்னதும் அம்மா விரலால் பட்டையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம்டா. கங்காணி திட்டுவாரு."

ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். "பூவைப் பார்க்கக் காசா?" என்று வர மறுத்துவிட்டார். மழை வேறு பிடித்துக்கொண்டது. கூடாரத்தடியில் நின்று, கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம்.